பழைய கடுதாசி ஸ்கேன் பண்ண மேலமாசி வீதிக் கடை, நம்பிக் குடுக்கலாம்

எங்க அய்யா (அப்பாவோட அப்பா) மலேயாவுல தோட்டத்துல வேல பாத்தப்ப அப்பத்தாவுக்கு போட்ட 43 கடுதாசிய இங்கதான் ஸ்கேன் பண்ணுனேன். இதுக்கு முன்னாடி வேற ஒரு கடையில குடுத்து, கேக்காமலே ஒன்ன லேமினேஷன் போட்டுட்டாங்க, சூட்டுல மை பரவி பாதி எழுத்து போச்சு, இன்னும் மனசு ஆறல.

இங்க கடைக்கார அண்ணன் ஒவ்வொன்னா பிரிச்சு வச்சு எடுத்தாரு. "தம்பி, கவரையும் குடுங்க, முத்திரையிலதான தேதி இருக்கு"ன்னு அவரே கேட்டு வாங்குனாரு. நீல ஏர்மெயில் தாள்ல மடிக்கிற ஓரத்துல பொடியா "செவலப் பசுவ வித்துராத, அடுத்த மாசம் பணம் வரும்"னு இருந்துச்சு, அத பெருசாக்கி காட்டுனப்ப அப்பா அழுதுட்டாரு.

இதெல்லாம் வெறும் குடும்ப விஷயம்னு நெனைக்காதீங்க. வெளிநாடு போன சீனக்காரங்க பணத்தோட சேத்து வீட்டுக்கு அனுப்புன கடுதாசிக்கு சியாவ்பின்னு பேரு, 2013-ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல சேத்துருக்கு. 1942-லருந்து 1964 வரைக்கும் பிராசெரோ திட்டத்துல அமெரிக்காவுக்கு கூலிவேலைக்குப் போன மெக்சிகோக்காரங்க வீட்டுக்கு எழுதுனதும் இப்ப வரலாற்று ஆதாரம்தான். சர்க்கார் ரெக்கார்டுல ஆள் பேரும் கூலியும் இருக்கும், பசு மாட்டுக் கவல இருக்காது. ஆனா வீட்டுல பயப்படுவாங்கன்னு கஷ்டத்த மறச்சும் எழுதுவாங்க, எங்க அய்யா எல்லாத்துலயும் "நான் சுகம்"னுதான் ஆரம்பிக்கிறாரு, காய்ச்சல்ல படுத்துக் கெடந்தத ஊர் திரும்புனப்புறம்தான் சொன்னாராம், அதனால பாத்துதான் படிக்கணும்.

பக்கத்துக்கு 10 ரூபா, பென்டிரைவ் நாம கொண்டு போகணும். சாயங்காலம் கூட்டம், காலையிலயே போயிருங்க.