கிளாக் 19-இல் சைட் மாற்றும்போது: டிரிட்டியமா, ஃபைபரா?

கிளாக் 19 பிஸ்டல் வழக்கமாகத் தொழிற்சாலையிலிருந்து பாலிமர் (பிளாஸ்டிக்) சைட்டுகளுடன், அதாவது குறிபார்க்க உதவும் முனைப்புகளுடன் வருகிறது. முன் சைட்டில் ஒரு வெள்ளைப் புள்ளியும், பின் சைட்டில் அதை ஏந்தும் ‘யு’ வடிவ வெள்ளைக் கோடும் இருக்கும். பாலிமர் மென்மையானது என்பதால் உறையில் உரசி உரசித் தேய்கிறது. அதனால் எஃகுக்கு மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. எந்த வகை எஃகு சைட் என்பதில்தான் யோசனை இருந்தது. கண்ணாடியில் சிவப்புப் புள்ளியைக் காட்டும் மின்னணு சைட்டான ரெட் டாட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கென வெட்டப்படாத ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை) கடைசல் பட்டறையில் கொடுத்துக் குடைய வேண்டும், பேட்டரியையும் கவனிக்க வேண்டும், செலவும் பல மடங்கு.

டிரிட்டியம் சைட்டில், ஒளிரும் பூச்சு உட்புறம் பூசப்பட்ட சிறு கண்ணாடிக் குழாய்க்குள் டிரிட்டியம் எனும் கதிரியக்க ஹைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்கள் பூச்சில் மோதுவதால், பேட்டரியோ வெயிலோ இல்லாமலே அது இரவெல்லாம் ஒளிரும். வீட்டுப் பாதுகாப்புக்கென்றே பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இதை விரும்புவது நியாயமே. இருட்டில் சுட்ட அனுபவம் எனக்கு மிகக் குறைவு என்பதால், அந்தப் பயன்பாட்டில் இதைக் குறைத்து மதிப்பிட எனக்குத் தகுதியில்லை.

நான் பொருத்தியது ஃபைபர் ஆப்டிக் முன் சைட். பின் சைட் புள்ளியே இல்லாத வெறும் கறுப்பு. பிளாஸ்டிக் இழை தன் நீளம் முழுவதும் சுற்றுப்புற ஒளியை வாங்கி முனையில் கொட்டுவதால், பகலில் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணைத் தானாக இழுக்கிறது. பின்னால் போட்டிக்கு வேறு புள்ளிகள் இல்லாததால் பார்வை முன் சைட்டிலேயே நிலைக்கிறது. இருட்டில் அது வெறும் கறுப்புத் தகடு என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்னொரு ஆதாயம், இந்த முன் சைட்டின் குறைந்த அகலத்தில் இருக்கிறது. கண்ணிலிருந்து 70 செ.மீ. தொலைவில் இருக்கும் 4 மி.மீ. அகல முன் சைட், 25 மீட்டரில் இலக்கின் சுமார் 14 செ.மீ. அகலத்தை மறைத்துவிடும், 2.5 மி.மீ. சைட் மறைப்பது 9 செ.மீ. மட்டுமே. பின் சைட்டின் பிளவில் இருபுறமும் வெளிச்சம் கூடுதலாகத் தெரிவதால் நடுவில் நிறுத்துவதும் எளிதாகிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், அதாவது நீங்கள் சுட்டாலும் சுடாவிட்டாலும், பெட்டிக்குள் பூட்டியே வைத்தாலும், ஏறக்குறைய 12 ஆண்டுகளில் வாயுவில் பாதியும் 25 ஆண்டுகளில் முக்கால் பங்கும் தீர்ந்துவிடும், ஒளிரும் பூச்சும் அதற்கிடையில் தளர்ந்துகொண்டே வரும். மங்கிய குழாயை நாமாகக் கழற்றி மாற்ற வழியில்லை. கதிரியக்கப் பொருள் என்பதால் தயாரிப்பாளருக்கே அனுப்ப வேண்டும், அல்லது புதிய சைட் வாங்க வேண்டும். பழைய பிஸ்டலை வாங்க வருபவர் சைட்டின் தயாரிப்பு ஆண்டைக் கேட்பதற்கும் இதுவே காரணம். ஃபைபர் இழையும் உடையும், சில கரைப்பான்கள் பட்டால் கெட்டும் போகும். ஆகவே துப்புரவு செய்யும்போது திரவத்தை அதன்மேல் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்தாலும் மிகச் சொற்பச் செலவில் புது இழையை அளவாக நறுக்கி, முனையைத் தீக்கு அருகில் காட்டி மொட்டுப்போலத் திரளச் செய்து செருகிவிடலாம். மறுமுனைக்கும் அதே வேலைதான். பிஸ்டலை நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவனுக்கு, தன் கையாலேயே புதுப்பிக்கக்கூடிய பொருள் தருகிற நிம்மதி பெரிது.

எதை வாங்கினாலும் பொருத்தும் முறை ஒன்றே. தோட்டா இல்லை என்பதை மேகசினிலும் (தோட்டாக்கூடு) சேம்பரிலும் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) உறுதிசெய்த பிறகு ஸ்லைடைக் கழற்ற வேண்டும். முன் சைட்டை உள்ளிருந்து ஒரு சிறு அறுகோணத் திருகு பிடித்திருக்கிறது. அதில் திருகுப் பசை ஒரு துளி வைக்காவிட்டால் சுடும் அதிர்வில் தளரும். பின் சைட் டவ்டெயில் எனப்படும், அடியில் அகன்ற பள்ளத்தில் இறுக்கமாக அமர்ந்திருப்பதால், சுத்தியலால் தட்டுவதைவிட அதற்கென உள்ள தள்ளுகருவியை இரவல் வாங்குவதே மேல். முன், பின் இரண்டையும் ஒரே தொகுப்பாக வாங்குங்கள், ஏனெனில் உயரம் பொருந்தாவிட்டால் குறி மாறும்: சைட்டுகளுக்கு இடையே 150 மி.மீ. இருக்கும் இந்தப் பிஸ்டலில் 0.3 மி.மீ. வேறுபாடே 25 மீட்டரில் 5 செ.மீ. விலகலாகிவிடும். தோட்டா கீழே படுகிறது என்றால் தேவைப்படுவது குட்டையான முன் சைட், உயரமானது அன்று.