தூண்டில் ராடின் கார்க் பிடியைப் புதுப்பித்து மூன்று வருடம்: எது நின்றது, எது உதிர்ந்தது

என் ஏழடி ஸ்பின்னிங் ராடின் கார்க் பிடியை நானே பழுது பார்த்து மூன்று வருடம் ஆகிறது. முட்டுக்காட்டில் கொடுவாவுக்கும், மழை முடிந்ததும் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் விராலுக்கும் இந்த ராடுதான் வருகிறது. உப்புத் தண்ணீர், வியர்வை, இறால் வாடை என்று அந்தப் பிடி பார்க்காததில்லை. செய்த வாரத்திலேயே படம் போட்டுப் பெருமைப்பட்டிருக்கலாம். போடாததும் நல்லதுதான், அன்று எழுதியிருந்தால் பாதி தப்பாக இருந்திருக்கும்.

பழைய ராடாக வாங்கியது. கம்பும், நரம்பு ஓடும் சிறு கண்ணிகளான கைடுகளும் நன்றாக இருந்தன, பிடி மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகத்துக் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் விளைகிறது. ஒருமுறை உரித்த மரத்தை அங்கே குறைந்தது 9 வருடம் தொடக்கூடாது. பட்டைக்குள் இயற்கையாகவே மூச்சுத்துளைகள் ஓடும். துளை குறைந்த கார்க் விலை அதிகம். மலிவான ராடில் துளையுள்ள கார்க்கைப் போட்டு, மாவடைத்துத் தேய்த்துவிடுவார்கள். கடையில் வழவழவென்று கையில் நிற்கும், ஒரு சீசனில் மாவு உதிர்ந்து குழி எட்டிப் பார்க்கும்.

முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பச்சை நாரும் போட்டுக் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினேன். கறுத்துப்போனது மட்டும்தான் பிரச்சினை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உப்புத்தாளே வேண்டாம். எனக்குக் குழி இருந்ததால், பழைய மாவையெல்லாம் ஊசியால் நோண்டி எடுத்தேன்.

பிடி என்பது கார்க் வளையங்களை அடுக்கி ஒட்டியது; ரீலுக்கு முன்னால் இருப்பது முன்பிடி, பின்னால் இருப்பது பின்பிடி. முன்பிடியின் முதல் வளையம் உடைந்திருந்தது. கைடுகளைக் கழற்றாமல் முழு வளையம் கம்பில் ஏறாது. அரை அங்குல கனமுள்ள புது வளையத்தின் துளையை வட்ட அரத்தால் கம்புக்குச் சரியாகப் பெரிதாக்கி, பிளேடால் நேராக இரண்டாகப் பிளந்தேன். ரம்பம் போட்டால் அறுத்த இடம் தேய்ந்து, சேர்க்கும்போது இடைவெளி விழும். இரு பாதிகளையும் மெதுவாக இறுகும் அரால்டைட் என்ற எபாக்சி பசையில் ஒட்டி, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி ஒரு இரவு விட்டேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இதற்கு ஆகாது, சரியாகப் பொருத்துவதற்குள் பிடித்துக்கொள்ளும். அந்த வளையத்தின் ஒட்டுக்கோடு இன்று எனக்கே தேடினால்தான் தெரிகிறது.

அடுத்தது குழி அடைப்பு. கோட்டை விட்டது இங்கேதான். உபரிக் கார்க் ஒன்றைத் தேய்த்து, தூளை டீ வடிகட்டியில் சலித்து எடுத்துக்கொண்டேன். பழைய பிடியின் தூள் அழுக்காக இருக்கும், அது வேண்டாம். பின்பிடிக்கு அந்தத் தூளை அரால்டைட்டில் குழைத்தேன். முன்பிடிக்கு ஃபெவிகால் மரைன் என்ற மரப்பசையில். எண்ணெய் குறைவாக விட்ட இட்லிப்பொடி பதம். எபாக்சி கெட்டி, தண்ணீர் புகாது, எனவே அதுதான் நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

நின்றது, அதில் சந்தேகமில்லை. மூன்று வருடத்தில் பின்பிடியிலிருந்து ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. ஆனால் கார்க் மெத்து, எபாக்சி கல். தாள் போடும்போது கார்க் கரைகிறது, எபாக்சி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அன்று தடவியபோது தெரியவில்லை. ஒரு வருடத்தில் சுற்றியிருந்த கார்க் கையாலேயே தேய்ந்து, எபாக்சி மட்டும் வேர்க்குரு மாதிரி எழும்பிவிட்டது. காலை முழுக்க வீசிவிட்டு வந்தால் உள்ளங்கை சொல்லும். நிறமும் காப்பிச் சொட்டு மாதிரி கறுப்பு. முன்பிடியில் ஐந்தாறு குழி மீண்டும் திறந்திருக்கிறது, பத்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். எனக்கு இந்த உதிர்தலே மேல்.

தேய்க்கும்போது தெருமுனை ஆசாரி அண்ணன் எட்டிப் பார்த்து, "தம்பி, விரல்ல அழுத்தாதீங்க, பள்ளம் விழும். துணி எமரிய நாடாவா கிழிச்சு, ஷூ பாலிஷ் போடுற மாதிரி இழுங்க" என்றார். அதுதான் சரி. பத்து இழுப்புக்கு ஒருமுறை ராடைக் கால் சுற்று திருப்ப வேண்டும், இல்லையென்றால் பிடி முட்டை வடிவமாகிவிடும். தாளின் சொரசொரப்பு எண் 120இல் தொடங்கி 220, கடைசியில் மிக நைசான 400. இரும்பு நார் வேண்டவே வேண்டாம், துகள் கார்க்கில் சிக்கித் துருப்பிடிக்கும்.

வேலை சுத்தமா இல்லையா என்பது கார்க் முடிந்து கம்பு தொடங்கும் விளிம்பில்தான் தெரியும். கம்பில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்றுதான் போட்டிருந்தேன். அது கிழிந்தது தெரியாமல் இழுத்ததில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது. மூன்று சுற்றாவது போடுங்கள், கிழியக் கிழிய மாற்றுங்கள். விளிம்பில் இருந்த மயிரிழை இடைவெளியை மறைக்க ரப்பர் வளையம் ஏற்றவும் வழியில்லை, கைடு தடுக்கிறது. பல்குச்சி முனையால் எபாக்சியை மெல்லிய கோடாக விட்டு, ராடைக் கையில் உருட்டிக்கொண்டே இறுகவிட்டேன். எபாக்சிக்கு ஏற்ற இடம் இதுதான், மூன்று வருடமாகத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

மேற்பூச்சாக முதலில் வார்னிஷ் அடித்தேன். பளபளப்பு சரி, ஈரக்கையில் வழுக்கியது. முதல் பயணம் முடிந்ததுமே தேய்த்து எடுத்துவிட்டு, கார்க்கின் துளைகளில் ஊறி அழுக்கையும் ஈரத்தையும் தடுக்கும் கார்க் சீலரைத் துணியில் தொட்டு மெல்லியதாக இரண்டு முறை தடவினேன். இப்போது நிறம் இளம் டீ, பிடிமானம் கார்க்கினுடையது. வருடம் ஒருமுறை மறுபடி தடவுகிறேன். ஈரத்தோடு உறையில் போட்டு ஒருமுறை பூஞ்சை பிடித்தது, அதன்பிறகு ஈரத்தோடு உறையில் போடுவதை விட்டுவிட்டேன்.

பின்பிடியை மட்டும் முழுசாக அறுத்து எடுத்துவிடப் போகிறேன். பதினெட்டு வளையம் வந்து அலமாரியில் கிடக்கிறது. வீட்டில் "இதெல்லாம் எந்த பாட்டிலுக்கு மூடி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.