காலியா, திருகோணமலையா? இரு கரைகளின் பன்னிரண்டு மாத வானிலை

இலங்கைக்குச் செல்ல உகந்த காலம் எது என்று கேட்டால், டிசம்பர் முதல் மார்ச் வரை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அந்த விடை தீவின் தென்மேற்குக் கரைக்கு மட்டும் உரியது. அதை நம்பி டிசம்பரில் திருகோணமலைக்குப் போய் இறங்குபவர், கடலில் கால் நனைப்பதற்கு முன்பே மழையில் முழுக்க நனைந்துவிடுவார். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குச் சிக்கல் வேறு விதமானது. நமக்குப் பள்ளி விடுமுறை கிடைப்பது ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும்தான். விளம்பரங்களில் அதிகம் தென்படும் காலி, உணவட்டுன, மிரிஸ்ஸ கடற்கரைகள் பொலிவிழக்கத் தொடங்குவதும் அப்போதுதான். எனவே தெற்கே காலியையும் கிழக்கே திருகோணமலையையும் எதிரெதிரே நிறுத்தி, மாத வரிசையில் பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவே உள்ளது. ஆனாலும் அவற்றின் மழைக்காலங்கள் ஏறத்தாழ முழுமையாக இடம் மாறி நிற்பதற்குத் தீவின் நடுவே எழும் மலைத்தொகுதியே காரணம். 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகாலை அதன் உச்சி. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தைக் காலி, கொழும்பு, இரத்தினபுரிப் பக்கமே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது வறண்டு சூடேறிவிடுகிறது. கிழக்கு மாகாண மக்கள் கச்சான் என்று அழைப்பது இந்தக் காற்றைத்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று இதே வேலையைத் திசை மாற்றிச் செய்கிறது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களைப் பருவ இடைக்காலங்களாக இலங்கை வானிலையாளர்கள் வகுத்திருக்கிறார்கள். இவற்றில் முதல் இடைக்காலம் பயணிக்குப் பெருமளவு சாதகமானது; இரண்டாவது அப்படியன்று.

இரு கரைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை என்று கருதிவிடவும் கூடாது. காலியில் ஆண்டுக்குச் சுமார் 2,300 மி.மீ. மழை பெய்கிறது, திருகோணமலையில் 1,600 மி.மீ. அளவுக்கே பெய்கிறது. காலிக்கு உண்மையான வறண்ட மாதம் என்று ஒன்றும் இல்லை. மழை மிகக் குறைவான ஜனவரியிலும் பிப்ரவரியிலும்கூட 100 மி.மீ.-ஐ ஒட்டிய மழையை அங்கே எதிர்பார்க்கலாம். திருகோணமலையிலோ ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிட, ஜூன் மாதத்தில் 30 மி.மீ. கூடத் தேறுவதில்லை. வெப்பத்திலும் இதே வேறுபாடு தெரிகிறது. காலியின் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 28 முதல் 31 டிகிரிக்குள் நின்றுவிடும். திருகோணமலையில் ஜனவரியில் 28 டிகிரியாக இருப்பது ஜூனில் 35 வரை ஏறும். சென்னை, நாகப்பட்டினம் பக்கத்து ஆண்டுச் சுழற்சிக்குப் பழகியவருக்குத் திருகோணமலை புதிய ஊராகத் தோன்றாது. காலியின் சீரான, ஈரம் கசியும் வெப்பம்தான் புதிதாக இருக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை

இந்த மூன்று மாதங்களில் போட்டி என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. கடலுக்காகச் செல்பவர் காலிப் பக்கமே செல்ல வேண்டும். வாடைக்காற்றுக்கு மலைகள் மறைப்பாக நிற்பதால் தென்மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். உணவட்டுன விரிகுடாவில் குழந்தைகளை இறக்கலாம். வெலிகமவில் அலைச்சறுக்குப் பழகுவோருக்கு ஏற்ற, ஒழுங்கான அலைகள் வரும். மிரிஸ்ஸவிலிருந்து நீலத் திமிங்கிலங்களைக் காணப் படகுகள் செல்லும் பருவமும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையானதுதான். ஆனால் இந்தச் சிறப்புகளுக்கெல்லாம் விலை உண்டு. ஐரோப்பியக் குளிர்காலப் பயணிகள் குவியும் பருவமாதலால், காலிக் கோட்டைக்குள் இருக்கும் தங்குமிடங்களின் கட்டணம் உயர்ந்தே நிற்கும்.

திருகோணமலையின் ஜனவரியைப் பொதுவாக எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள். மாதத்தின் முற்பகுதியைப் பொறுத்தவரை அது சரியே. பிப்ரவரி வேறு கதை. மழை நன்கு குறைந்து, பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடாமல், நிலமெல்லாம் பச்சையாக இருக்கும் காலம் அது. கடல் மட்டும் இன்னும் கலங்கலாகவும் அலை மிகுந்ததாகவும் இருப்பதால், திருகோணமலைக்கு வடக்கே உள்ள நிலாவெளிக் கடற்கரைக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவின் பவளப்பாறைகளை அப்போது தெளிவாகப் பார்க்க முடியாது. கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை, கன்னியா வெந்நீரூற்றுகள் ஆகியவற்றைக் காண்பதே நோக்கம் என்றால், கோடையில் செல்வதைவிடப் பிப்ரவரியில் செல்வதே மேல் என்பது என் கருத்து. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் வெட்டவெளிப் பாறையில் ஜூலை நண்பகலில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிவராத்திரியும் பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச் முற்பகுதியிலோதான் வருகிறது.

ஏப்ரல்

இரண்டு கரைகளும் ஏறத்தாழ சமமாக நிற்கும் ஒரே மாதம் இது. காற்று ஓய்ந்திருக்கும், இரு பக்கமும் கடல் அமைதியாக இருக்கும். ஏப்ரல் முதல் இரு வாரங்களில் நண்பகல் சூரியன் தீவின் நேர் உச்சியில் வந்து நிற்பதால் வெயில் கடுமையாக உறைக்கும். காலிப் பக்கம் காலை தெளிவாக விடிந்து, பிற்பகலில் உள்நாட்டில் மேகம் திரண்டு, மாலையில் இடியும் மின்னலுமாகப் பெய்து ஓய்வது வழக்கம். உச்சிப்பொழுதுக்குள் கடற்கரை வேலைகளை முடித்துக்கொள்பவருக்கு இந்த மழை பெரிய தடையன்று. ஆனால் மின்னலை அலட்சியம் செய்யக் கூடாது. இடி கேட்டதும் நீரைவிட்டும் திறந்த மணற்பரப்பைவிட்டும் வெளியேறுவதே முறை. திருகோணமலையில் ஏப்ரல் மழை 50 மி.மீ. அளவிலேயே நிற்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் தீவு முழுவதும் கடைகள் மூடப்பட்டு, பேருந்துகளும் ரயில்களும் நிரம்பி வழியும் என்பது வானிலையோடு தொடர்பில்லாத செய்தி என்றாலும், நாள் குறிப்பவர் அறிந்திருக்க வேண்டியது.

மே முதல் செப்டம்பர் வரை

ஒப்பீட்டின் மையம் இந்த ஐந்து மாதங்கள்தான். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதம் காலி மாவட்டத்துக்கு ஆண்டின் மிக ஈரமான மாதங்களில் ஒன்று, 300 மி.மீ. வரை மழை பெய்யக்கூடும். 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களில் தென்மேற்குப் பகுதியில் ஏற்பட்ட வெள்ளமும் மண்சரிவும் ஒவ்வொரு முறையும் 200-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. உள்ளே மலையடிவாரப் பகுதிகளுக்குச் செல்ல எண்ணுபவர், மே பிற்பகுதியில் அந்த எண்ணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

ஜூன், ஜூலை மாதங்களுக்கு வந்தால் நிலைமை சற்று நுட்பமானது. காலியில் அப்போது பெய்வது பெரும்பாலும் நாள் முழுவதும் விடாது தூறும் அடைமழையன்று. காற்றோடு வந்து கொட்டிவிட்டு, வெயிலுக்கு வழிவிடும் மழை. 2022-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் காலி மைதானத்தில் நடந்த இலங்கை-ஆஸ்திரேலியா டெஸ்ட் போட்டி இதற்கு நல்ல சான்று. இரண்டாம் நாள் காலையில் வீசிய காற்றிலும் மழையிலும் தற்காலிகப் பார்வையாளர் பகுதியின் கூரை சரிந்து விழுந்தது. அன்று பிற்பகலிலேயே ஆட்டம் தொடர்ந்தது. மூன்றாம் நாளே போட்டி முடிந்தும்போனது. ஆகவே, 1988-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கோட்டையையும் அதன் தெருக்களையும் பார்க்க விரும்புபவர் ஜூலையிலும் தாராளமாகச் செல்லலாம், கட்டணமும் இறங்கியிருக்கும். அவர் இழப்பது கடலை மட்டுமே. அந்த இழப்பு சிறியதன்று: கோட்டைச் சுவரில் அலை மோதித் தெறிக்கும் அந்த மாதங்களில், கரையோர நீரோட்டம் நன்கு நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துச் செல்லக்கூடியது. செங்கொடி ஏற்றப்பட்ட கடற்கரையில் முழங்கால் அளவு நீரில்கூடக் குழந்தைகளை விடக் கூடாது.

இதே மாதங்களில்தான் திருகோணமலை தன் முழு அழகையும் காட்டுகிறது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் ஏரிபோல் கிடக்கும்; புறாமலையைச் சுற்றி நீர் தெளிந்து, மூச்சுக்குழாயோடு நீர்ப்பரப்பில் மிதந்து கடலடியைப் பார்க்கும் ஸ்நார்க்கலிங் செய்பவருக்குப் பவளத்தோடு கருமுனைச் சுறாக்களும் தென்படும்; திமிங்கிலங்களைக் காணும் வாய்ப்பும் தெற்கிலிருந்து இந்தப் பக்கம் மாறிவிடும். கொழும்பிலிருந்து வரும் வழியில், மின்னேரியா குளத்தின் நீர் வற்றி யானைக் கூட்டங்கள் அங்கே திரள்வதும் ஜூலை முதல் அக்டோபர் வரையான காலத்தில்தான். ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்த்துக்கொள்ள முடிகிறது என்பது ஆகஸ்டுக்கு உள்ள தனிச் சிறப்பு. அந்த மாதத்தில் ஓரிரு நாள் மாலை இடிமழை வரலாம். அது வெக்கையைத் தணித்துவிட்டுப் போகும்.

வெப்பத்தை மட்டும் குறைத்து மதிப்பிடக் கூடாது. கச்சான் வீசும் நாட்களில் 35 டிகிரி என்பது சாதாரணம். தரைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கடற்காற்று கரையேற நேரமாகும், சில நாட்களில் வராமலே போகும். ஆனாலும் அது வறண்ட வெப்பம். 30 டிகிரியில் சட்டை முதுகோடு ஒட்டும் காலியின் புழுக்கத்தைவிட, நிழலில் உட்கார்ந்தால் தணியும் இந்த வெப்பத்தைப் பலர் எளிதில் தாங்கிக்கொள்கிறார்கள். முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர் குளிரூட்டப்பட்ட அறையைக் கட்டாயமாகப் பார்த்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குள் படகுப் பயணத்தை முடித்துக்கொள்வது நலம். அதிகாலையில் காற்றும் குறைவாக இருப்பதால் நீர் இன்னும் தெளிவாக இருக்கும்.

அக்டோபரும் நவம்பரும்

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு கரைகளுக்குமே செல்ல வேண்டாம். இந்த இடைக்காலத்தில் தீவின் ஏறத்தாழ எல்லாப் பகுதிகளுக்கும் 400 மி.மீ.-க்கு மேல் மழை கிடைக்கிறது. மலையின் மறைப்பு எந்தப் பக்கத்துக்கும் உதவுவதில்லை. இந்த மாதங்களில்தான் போக முடியும் என்பவர்கள் அக்டோபர் முதல் வாரத்தில் திருகோணமலையையோ, நவம்பர் இறுதியில் காலியையோ முயன்று பார்க்கலாம். இரண்டுமே அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் உருவாகும் காலமும் இதுவே. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்குமுன் திருகோணமலைப் பகுதியைத் தாக்கிவிட்டே பாக் நீரிணைக்கு வந்தது. 2020 டிசம்பர் 2 அன்று புரெவி புயல் கரையேறியதும் திருகோணமலைக்கு வடக்கே உள்ள கரையில்தான். நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல் சேவையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படுவதுண்டு என்பதால், கடல்வழியை நம்பியிருப்பவர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர்

இரு கரைகளின் மழைக்காலங்களும் தன்மையில் ஒன்றல்ல என்பது டிசம்பரில் தெளிவாகிறது. காலியின் ஜூலை மழைக்கு இடையே ஊரையாவது பார்க்கலாம். திருகோணமலையின் டிசம்பரோ 300 மி.மீ.-ஐத் தாண்டும் மழையும் சாம்பல் வானமும் கொந்தளிக்கும் கடலுமாக, ஊர், கடல் இரண்டையும் சேர்த்தே மூடிவிடுகிறது. விந்தை என்னவென்றால், கப்பல்களுக்கு இதே காலத்தில்தான் அந்த ஊர் தேவைப்பட்டது. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றைத் தாங்கும் துறைமுகம் இல்லாததால், பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல்கள் அக்டோபரில் அக்கரையைவிட்டு அகல வேண்டியிருந்தது. நிலம் சூழ்ந்த திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் பிரிட்டனும் பிரான்சும் டச்சுக்காரரும் 18-ஆம் நூற்றாண்டில் மோதிக்கொண்டதற்கு அதுவே பெரிய காரணம்.

காலியில் டிசம்பர் முதல் வாரம் இன்னும் நவம்பரின் எச்சம்தான். மாதத்தின் நடுவிலிருந்து வானம் திறக்கத் தொடங்கும். ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கட்டணம் அதைவிட வேகமாக ஏறும். ஜனவரி பிற்பகுதிவரை காத்திருக்க முடிந்தவருக்கு வானிலையும் விலையும் இதைவிட நன்றாக அமையும்.

ஒரே பயணத்தில் இரண்டு கரைகளையும் பார்த்துவிட விரும்புபவருக்கு மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் பத்தாம் தேதி வரையான நாட்களையே நான் பரிந்துரைப்பேன். கொழும்பிலிருந்து காலிக்குத் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போதும். திருகோணமலைக்கு 260 கிலோமீட்டர் சாலையில் ஆறு மணி நேரமேனும் ஆகும், அல்லது இரவு ரயிலைப் பிடிக்கலாம். மாலை இடிமழை வலுப்பதற்குள் காலியை முதலில் முடித்துக்கொண்டு, நீர் தெளியக் கூடுதல் நாட்கள் கிடைக்கும் வகையில் திருகோணமலையை இரண்டாவதாக வைப்பதே சரியான வரிசை. மே மாதத்தில்தான் விடுமுறை என்றால் வரிசையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். காலியை விட்டுவிட்டு நேரே கிழக்குக்கு ரயிலேறலாம்.