கசாண்ட்ரா கிளஸ்டர்: நெடுநாள் ஓட்டியதில் தெரிந்தவை

கசாண்ட்ரா என்பது தரவைப் பல கணினிகளில் பிரதிகளாக வைக்கும் தரவுத்தளம். அந்தக் கணினி ஒவ்வொன்றும் ஒரு நோடு, அவற்றின் தொகுப்பே கிளஸ்டர். மூன்று நோடு கொண்ட கசாண்ட்ரா கிளஸ்டரை ஒரே நாளில் எழுப்பிவிடலாம். முதல் சில மாதங்கள் குறையே கண்ணில் படாது. ஒரு நோடு விழுந்தாலும் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். ரெப்ளிகேஷன் (பிரதிகளின் எண்ணிக்கை) 3, படிப்பதும் எழுதுவதும் குவோரம் (பெரும்பான்மைப் பிரதிகள்) என்று வைத்தால், இரண்டு பிரதிகள் பதில் சொன்னாலே போதும். பழுது மறைவதும் இதனால்தான். ஒரு நோடு வாரக்கணக்கில் திணறினாலும் நோடுகளின் நிலையைச் சொல்லும் ‘நோட்டூல் ஸ்டேட்டஸ்’ கட்டளை அதை ‘யூஎன்’ (இயங்குகிறது, இயல்பு நிலை) என்றே காட்டும். ஆகவே கண்காணிப்பை நிறுவலோடு சேர்த்தே செய்துவிட வேண்டும்.

நிறுவலில் பிறகு மாற்றக் கடினமானவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். கிளஸ்டர் பெயர் ஒன்று. எந்த நோடு எந்த டேட்டாசென்டரில் என்று சொல்லும் ஸ்னிட்ச் இன்னொன்று: ஒரே டேட்டாசென்டர்தான் என்றாலும் முதல் நாளிலிருந்தே ‘காசிப்பிங் பிராப்பர்ட்டி ஃபைல் ஸ்னிட்ச்’, கீஸ்பேஸுக்கு (டேபிள்களின் தொகுப்பு) பிரதிகளைப் பகிரும் முறையாக ‘நெட்வொர்க் டோபாலஜி ஸ்ட்ராட்டஜி’. மூன்றாவது, ஒரு நோடு ஏற்கும் தரவுப் பங்குகளைக் குறிக்கும் டோக்கன்களின் எண்ணிக்கை. 4.0 பதிப்பில் இயல்பு மதிப்பு 16, அதற்கு முன் 256. தரவு ஏறிய நோடில் இதை மாற்ற முடியாது. ஸ்வாப்பை அணைத்துவிடுங்கள், லினக்ஸின் ‘மேக்ஸ் மேப் கவுண்ட்’டை 1048575 ஆக்குங்கள். நோடுகள் தங்களுக்குள் பேச போர்ட் 7000, செயலிகளுக்கு 9042. நிர்வாகத்துக்கும் அளவீட்டுக்குமான ஜேஎம்எக்ஸ் போர்ட்டான 7199ஐ வெளியே திறக்கவே கூடாது.

கடிகாரத்தைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். ஒரே கட்டத்துக்கு இரண்டு மதிப்பு வந்தால் பிந்திய நேரமுத்திரை கொண்டதே நிற்கும். புதிய டிரைவர்கள் அந்த முத்திரையைச் செயலி ஓடும் கணினியிலேயே போடுகின்றன. ஒரு செயலி சர்வரின் கடிகாரம் 5 நொடி முந்தினால், அது எழுதியதை மற்றொரு சர்வர் 2 நொடி கழித்து அழித்தாலும் அழியாது, பிழைச் செய்தியும் வராது. அதனால் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனியை நோடுகளில் மட்டுமல்ல, செயலி சர்வர்களிலும் ஓட விடுங்கள்.

புதிய நோடு சேர்க்கும்போது அடிக்கடி நடக்கும் தவறு: அதன் சொந்த ஐபியும் அதன் சீட் பட்டியலில் (கிளஸ்டரில் சேர முதலில் தொடர்பு கொள்ள வேண்டிய நோடுகள்) இருந்துவிடுவது. சீட் நோடு பூட்ஸ்ட்ராப் செய்யாது, அதாவது தன் பங்குத் தரவை மற்றவற்றிடமிருந்து நகலெடுக்காது. நோடு ஒரே நிமிடத்தில் ‘யூஎன்’ ஆகிவிடும், எல்லாம் நலம் என்று தோன்றும். ‘லோட்’ பத்தியைப் பாருங்கள்: மற்றவற்றில் 200 ஜிபி, இதில் சில நூறு கேபி. தன் பங்குக்கான டோக்கன்களை எடுத்துக்கொண்டு கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறது. ‘ஒன்’ அளவில் (ஒரே பிரதியின் பதில் போதும் என்று) படிக்கும் செயலிக்கு வெற்றுப் பதில் போகும். உடனே ‘டீகமிஷன்’ செய்து (கிளஸ்டரிலிருந்து விலக்கி), டேட்டா கோப்புறைகளைத் துடைத்து, சீட் பட்டியலைத் திருத்தி மறுபடி சேர்க்க வேண்டும். நோடுகளை ஒவ்வொன்றாகவே சேருங்கள். சேர்ந்து முடிந்ததும் பழைய நோடுகளில் ‘கிளீன்அப்’ (இனித் தங்களுடையதல்லாத தரவை நீக்குவது) ஓட்டாவிட்டால் அவற்றின் டிஸ்க் இடம் திரும்பக் கிடைக்காது.

பாஸ்வேர்ட் சரிபார்ப்பை இயக்கினால் பயனர் விவரங்கள் இருக்கும் ‘சிஸ்டம் ஆத்’ கீஸ்பேஸின் ரெப்ளிகேஷனையும் 3 ஆக்கி, அதற்கு ரிப்பேர் (பிரதிகளை ஒப்பிட்டுச் சமப்படுத்துவது) ஓட்டுங்கள். இயல்பாக அது 1. அந்த ஒரு நோடு விழுந்தால், தரவு முழுதும் இருந்தும் உள்ளே நுழைய முடியாது.

நெடுநாள் பயன்பாட்டில் அதிகம் வதைப்பது ரிப்பேர். கசாண்ட்ரா எதையும் உடனே அழிப்பதில்லை, டூம்ஸ்டோன் என்ற அழிப்புக் குறியை எழுதுகிறது. அந்தக் குறியை வைத்திருக்கும் காலமான ‘ஜிசி கிரேஸ் செகண்ட்ஸ்’ இயல்பாக 864000 நொடி, அதாவது 10 நாள். அதன்பின் காம்பாக்‌ஷன் (கோப்புகளை இணைத்துச் சுருக்குவது) அந்தக் குறியைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு நோடு 5 மணி நேரம் விழுந்து கிடந்தது என்று வையுங்கள். மற்ற நோடுகள் அதற்காக ஹின்ட் (அது தவறவிட்ட மாற்றங்களின் குறிப்பு) சேமிப்பது இயல்பாக 3 மணி நேரத்துக்குத்தான். மிச்ச நேரத்தில் நடந்த அழிப்புகள் அந்த நோடுக்குத் தெரியாது. 10 நாளுக்குள் ரிப்பேர் ஓடாவிட்டால் மற்ற இரண்டில் குறி மறைந்துபோகும், இதில் பழைய வரி உயிரோடு இருக்கும். அடுத்த ரிப்பேர் அந்த வரியை மூன்றுக்கும் பரப்பிவிடும். கணக்கை நீக்கிய பயனர் திரும்ப வந்து நிற்பார். கோளாறு எப்போது தொடங்கியது என்பதற்குத் தடயமே இருக்காது.

ஆகவே 7 நாளுக்கு ஒரு சுற்று முடிய வேண்டும். முதன்மை ரேஞ்சை மட்டும் ரிப்பேர் செய்யும் ‘பிஆர்’ முறையானால் எல்லா நோடிலும் ஓட்ட வேண்டும், ஒன்றை விட்டாலும் சுற்று அரைகுறைதான். குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் வரியை நம்புவதைவிட ரீப்பர் கருவி மேல்: சிறு துண்டுகளாகப் பிரித்து ஓட்டும், நின்ற இடத்திலிருந்து தொடரும். டேபிள் வாரியாகக் கடைசி வெற்றிகரமான ரிப்பேர் 8 நாளைத் தாண்டினால் அலர்ட் வர வேண்டும். 10 நாளுக்கு மேல் விழுந்து கிடந்த நோடை அப்படியே எழுப்பாதீர்கள். துடைத்துவிட்டு, ‘ரீப்ளேஸ் அட்ரஸ் ஃபர்ஸ்ட் பூட்’ கொடுத்துப் புதிதாக ஏற்றுங்கள்.

டிஸ்க் அலர்ட்டை 85 விழுக்காட்டில் வைப்பது மற்ற சர்வர்களுக்குச் சரி. ஒத்த அளவுக் கோப்புகளை இணைக்கும் சைஸ் டியர்டு காம்பாக்‌ஷன் ஓடும் கசாண்ட்ராவுக்கு அது மிகத் தாமதம். இணைக்கும் கோப்புகளின் மொத்த அளவுக்குக் காலி இடம் தேவைப்படலாம். 50இல் எச்சரிக்கை, 65இல் நடவடிக்கை என்று வைப்பதே என் பரிந்துரை. டிஸ்க் நிறைந்திருக்கிறது, ‘லோட்’ பாதிதான் காட்டுகிறது என்றால் ‘லிஸ்ட் ஸ்னாப்ஷாட்ஸ்’ ஓட்டிப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் என்பது ஹார்ட் லிங்க். எடுத்தபோது இடம் பிடிக்காது, காம்பாக்‌ஷன் மூலக் கோப்பை நீக்கிய பிறகுதான் அதன் எடை தெரியும். டேபிளை டிராப் செய்தாலும் டிரங்கேட் செய்தாலும் தானாகவே ஒன்று எடுக்கப்படுகிறது.

கண்காணிப்புக்கு அளவீடுகளை வெளியிடும் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டர், சேகரிக்கும் புரோமிதியஸ், வரைபடமாகக் காட்டும் கிராஃபானா என்ற கூட்டணி நன்றாகவே உழைக்கிறது. ஒரு சிக்கல்: அளவீடுகள் டேபிள்தோறும் பெருகும். நூற்றுக்கணக்கான டேபிள் இருந்தால், ஒருமுறை சேகரிப்பதற்குள்ளேயே அடுத்த முறைக்கான நேரம் வந்துவிடும். தேவையானதை மட்டும் அனுமதிப் பட்டியலில் வையுங்கள்: நோடு வாரியாக 99ஆவது பர்சென்டைல் தாமதம் (நூற்றில் 99 கோரிக்கைகள் முடியும் நேரம்), நிலுவைக் காம்பாக்‌ஷன், கைவிடப்பட்ட மெசேஜ்கள், ஹின்ட் அளவு, ஜாவா நினைவகத் துப்புரவுக்கான ஜிசி இடைநிறுத்தம். நோடுகளின் பர்சென்டைல்களைச் சராசரி எடுக்காதீர்கள், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அதிகபட்சத்தை எடுங்கள்.

டிஸ்க் மந்தமான நோடு எப்படித் தெரியும்? டைனமிக் ஸ்னிட்ச் அதைத் தவிர்த்து வேறு பிரதியிடம் படிப்பதால் செயலியின் வேகம் பெரிதாகக் குறையாது. நிலுவைக் காம்பாக்‌ஷன் மட்டும் 5, 40, 300 என்று நாள்தோறும் ஏறும். ‘டேபிள் ஹிஸ்டோகிராம்ஸ்’ஸில் ஒரு படிப்புக்கு 2 எஸ்எஸ்டேபிள் (டிஸ்கிலுள்ள தரவுக் கோப்பு) தொட்டது 20ஐத் தாண்டும். பிறகு ‘டிபி ஸ்டாட்ஸ்’ கடைசிப் பகுதியில் மியூட்டேஷன் டிராப் (கைவிடப்பட்ட எழுதும் கோரிக்கைகள்) பூஜ்யத்தைவிட்டு நகரும். அந்த எண் ஏறுகிறதென்றால், அந்த நோடு எழுத வேண்டியதை எழுதவில்லை என்று பொருள். அந்த ஏற்றம் ஒன்றுக்கு மட்டும் நள்ளிரவிலும் ஆளை எழுப்பலாம்.

‘ஸ்டேட்டஸ்’ காட்டுவது, கட்டளை ஓடும் நோடின் பார்வையை மட்டுமே. நெட்வொர்க் பாதி அறுந்தால் இரண்டு நோடுகள் இரண்டு விதமாகச் சொல்லும். எல்லா நோடிலிருந்தும் கேட்டு ஒப்பிடுங்கள். ‘டிஸ்கிரைப் கிளஸ்டர்’ ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு) பதிப்பு காட்டினால், அது ஒன்றாகும்வரை எந்த டேபிளையும் மாற்றக் கூடாது.