சி.எம்.எஸ். மீகடத்து வரிச்சுருள்: பயன்படுத்துபவரின் மதிப்பீடு

பிரான்சின் செசி என்னும் ஊரில் நிலத்தடியே இயங்கும் சி.எம்.எஸ்., ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்னின் வளைய வடிவத் துணிக்கை மோதியில் நிகழும் மோதல்களைப் பதியும் ஒரு கருவி. அதன் காந்தமான மீகடத்து வரிச்சுருளை, அதாவது கடுங்குளிரில் மின்தடையின்றி மின்னோட்டத்தைக் கடத்தும் சுருளை, நான் நேரில் கண்டதில்லை. ஆயினும் அது வளைத்த துணிக்கைப் பாதைகளை, சேர்ன் நிறுவனம் 2014 முதல் யாவருக்கும் திறந்துவிட்டிருக்கும் தரவுகளின் வழியாக, கொழும்பில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்புகளில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். காந்தத்தை அதன் வேலையைக் கொண்டு எடைபோட இது போதும்.

நீளம் 12.5 மீற்றர், உள்விட்டம் ஏறத்தாழ 6 மீற்றர், மொத்தம் 2,168 சுற்றுகள், வடிவமைப்பு மின்னோட்டம் 19,140 அம்பியர். நீண்ட வரிச்சுருளுக்கென மாணவர்கள் மனனம் செய்திருக்கும் சூத்திரத்தில் இவற்றை இட்டால் காந்தப்புலம் 4.17 தெஸ்லா என வருகிறது. வடிவமைப்புப் பெறுமானம் 4 தெஸ்லா. விட்டத்தைப் போல் இரு மடங்கே நீளமுள்ள சுருளுக்கு விடை இவ்வளவு நெருங்கக் கூடாதே என்று கேட்கும் மாணவர் கெட்டிக்காரர். சுற்றியுள்ள பிரமாண்டமான இரும்பு நுகம் காந்தப்பாயத்தை ஏந்தித் திருப்புவதால்தான், சுருள் குட்டையாக இருப்பதால் புலத்தில் ஏற்படும் குறை பெரும்பாலும் ஈடாகிறது. நடைமுறையில், நீண்ட ஆயுளைக் கருதி, இதனை 3.8 தெஸ்லாவில் இயக்குகிறார்கள்.

அதே மோதி வளையத்தின் எதிர்ப்புறத்திலுள்ள அட்லஸ் பரிசோதனையின் மைய வரிச்சுருளோடு ஒப்பிடும்போதுதான் இதன் தனித்தன்மை விளங்குகிறது. அட்லஸின் சுருள் 2 தெஸ்லாதான். புலத்துக்குச் செங்குத்தாக 1 கிகா இலத்திரன்வோல்ற்று உந்தத்துடன் செல்லும் துணிக்கை அங்கே 1.67 மீற்றர் ஆரையில் வளைகிறது, சி.எம்.எஸ்.இலோ 88 சென்ரிமீற்றரில் வளைகிறது. திரையில் வளைவைக் கண்ணாலேயே காட்ட வேண்டிய ஆசிரியருக்கு இந்த வேறுபாடு பெரிது. அட்லஸில் துணிக்கைகளின் சக்தியை அளக்கும் கலோரிமானிகள் சுருளுக்கு வெளியே இருப்பதால், துணிக்கைகள் இடையில் சக்தியை இழந்துவிடாதபடி சுருளை மிக மெல்லியதாக்க வேண்டியிருந்தது. சி.எம்.எஸ்.ஐ வடிவமைத்தவர்கள் கலோரிமானிகளைச் சுருளுக்குள்ளேயே வைத்துவிட்டு, நான்கு அடுக்காகத் தடிமனாகச் சுற்றிக்கொண்டார்கள். துணிச்சலான முடிவு, என் பார்வையில் சரியான முடிவும்கூட. ஆனால் அதற்கு விலை உண்டு. உள்ளே இடம் போதாமல் புரோத்தன் போன்ற அட்ரன் துணிக்கைகளின் சக்தியை அளக்கும் கலோரிமானியின் நடுப்பகுதி ஒடுங்கிப்போனது. அதனைக் கடந்து கசியும் சக்தியைப் பிடிக்கச் சுருளுக்கு வெளியே மேலதிக அடுக்கொன்றைச் சேர்க்க நேர்ந்தது.

கடத்தியின் வேலைப்பாடு மெச்சத்தக்கது. நியோபியம்-தைட்டேனியம் இழைகள் 32ஐ முறுக்கிய வடத்தைத் தூய அலுமினியத்தில் பொதிந்து, இருபுறமும் வலிய அலுமினியக் கலப்புலோகத்தைப் பற்றவைத்திருக்கிறார்கள். 4 தெஸ்லாவில் சுருளை வெளிநோக்கித் தள்ளும் அழுக்கம் வளிமண்டல அழுக்கத்தின் 60 மடங்குக்கும் அதிகம். அதை வெளிக்கூட்டின் மீது மட்டும் சுமத்தாமல் கடத்தியே தாங்கும்படி செய்ததுதான் இதன் நுட்பம். சேமிக்கப்படும் சக்தி 2.6 கிகாயூல். கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்கள் கேட்டால் திகைப்பார்கள்: பத்துத் தொன்னுக்கும் அதிகமான தங்கத்தை உருக்க இது போதும். மீகடத்துதிறன் திடீரென அறுந்தால் இச்சக்தியின் கணிசமான பகுதியை வெளியிலுள்ள மின்தடைகளுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இருக்கிறது.

குறை என்று சொல்வதானால், எல்லாமே ஒற்றைச் சுருளில் தங்கியிருக்கிறது. அது ஏறத்தாழ 4.5 கெல்வினில் இருந்தாக வேண்டும். திரவ ஹீலியம் தடைப்பட்டால் புலமும் இல்லை. 2015இல் குளிரூட்டும் தொகுதியில் எண்ணெய் கலந்து அடைப்பு ஏற்பட்டபோது, அவ்வாண்டுத் தரவின் ஒரு பகுதியைப் புலமின்றியே சேகரிக்க நேர்ந்தது. புலமில்லாத தரவில் பாதைகள் நேர்கோடுகளாகவே தெரியும். மின்னேற்றத்தின் குறியையோ உந்தத்தையோ வளைவிலிருந்து கணிக்க இயலாது. ஆகவே வகுப்புக்கெனத் தரவு தேடும் ஆசிரியர்கள், பாடத்தைத் தொடங்குமுன் காந்தம் இயங்கிய காலப்பகுதிதானா என்பதை உறுதிசெய்துகொள்வது நல்லது.