பால்கனியில் ஆறு ஆண்டுகள்: ஒரு ஃபைகஸ் போன்சாயை வளர்த்த அனுபவம்

2019 ஜனவரியில், சென்னைப் புறநகரில் உள்ள ஒரு நர்சரியில் 1,400 ரூபாய் கொடுத்து இந்த மரத்தை வாங்கினேன். ‘ஜின்செங் ஃபைகஸ்’ என்ற பெயரில் விற்றார்கள். அடிமரம் கிழங்குபோல் பருத்து, காலை அகட்டி நிற்கும் ஆளைப்போல் இருக்கும். பெயரில்தான் ஜின்செங் என்ற மூலிகை, மரம் ஃபைகஸ் மைக்ரோகார்பா, அதாவது ஆலும் அரசும் அத்தியும் அடங்கிய பேரினத்தைச் சேர்ந்தது. பருத்த வேரை மண்ணுக்கு மேலே தூக்கி நட்டு, அதன் தலையில் சிறிய இலைகளைக் கொண்ட ரகத்தின் குச்சியை ஒட்டுக்கட்டி விற்பது இந்த வணிகத்தின் வழக்கம் என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

வாங்கும்போது இரண்டு அறிவுரைகள் கிடைத்தன: வீட்டுக்குள்ளேயே வைக்கலாம், தினமும் அரை டம்ளர் தண்ணீர் போதும். இரண்டையும் அப்படியே பின்பற்றினேன். கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்த மரம் மூன்று வாரங்களில் பாதி இலைகளை உதிர்த்துவிட்டது. இடம் மாறினால் ஃபைகஸ் சிறிது இலை உதிர்ப்பது இயல்பே என்றாலும், உதிர்ந்தது நின்றபாடில்லை. ஒன்றரை மாதம் கழித்து, நடப்பது நடக்கட்டும் என்று தொட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். மண்ணின் மேல் அழகுக்குப் பரப்பியிருந்த வெள்ளைக் கூழாங்கற்கள் பசையால் ஒட்டப்பட்டு ஒரே தட்டாக இருந்தன. ஊற்றிய தண்ணீர் அந்தத் தட்டின்மேல் ஓடித் தொட்டியின் விளிம்பு வழியாகவே இறங்கியிருக்கிறது. வேர்ப்பந்தின் வெளிப்புறம் அழுகிக் கொழகொழத்திருந்தது. நடுவில் இறுகியிருந்த தென்னைநார்க் கழிவோ விரலால் கிள்ளினால் தூசி பறக்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது. ஒரே மரம் ஒரே நேரத்தில் அழுகிக்கொண்டும் காய்ந்துகொண்டும் இருந்தது.

அழுகிய வேர்களை வெட்டிவிட்டு, புதிய மண்ணில் நட்டு, காலை பதினோரு மணிவரை வெயில் விழும் கிழக்குப் பால்கனிக்கு மாற்றினேன். நான்கு வாரங்களில் துளிர் விட்டது. போன்சாய் என்பது உருவத்தில் சிறிதான மரமே தவிர, வரவேற்பறைப் பொருள் அன்று. அதற்கு வெயிலும் காற்றும் வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் கேட்பது கத்தரிப்பதையும், கிளையை வளைத்து உருவம் கொடுக்கக் கம்பி கட்டுவதையும் பற்றியே. என் அனுபவத்தில் மரத்தின் உயிரைத் தீர்மானிப்பது தண்ணீரும் மண்ணும்தான். ‘நாளொன்றுக்கு இவ்வளவு’ என்ற கணக்கை முதலில் மறந்துவிட வேண்டும். நான் ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் இரண்டு அங்குலம் செருகிவைத்திருக்கிறேன். காலையில் அதை உருவிப் பார்த்து, ஈரக்கறை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும் ஊற்றுகிறேன். ஊற்றும்போது பூவாளியால், வடிகால் துளை வழியே தண்ணீர் ஒழுகும்வரை ஊற்றி, சில நிமிடங்கள் விட்டு மறுபடியும் ஊற்றுவேன். கத்திரி வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தேவைப்படும் அதே மரத்துக்கு, ஐப்பசி அடைமழையில் நான்கு நாட்கள் சேர்ந்தாற்போல் எதுவும் தேவைப்படாது.

தட்டையான தொட்டியில் மண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது பாதி உண்மை. மேல்மண் காய்ந்துவிடும்தான், ஆனால் எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகு அடியில் ஒரு பட்டை மண் நீர் தோய்ந்தே நிற்கும், மண் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அந்தப் பட்டை அவ்வளவு உயரமாக இருக்கும். ஆழமான தொட்டியில் அதனால் தொந்தரவில்லை. ஆறு சென்டிமீட்டர் ஆழமே உள்ள போன்சாய்த் தொட்டியில் பாதி வேர்கள் அதற்குள் மூழ்கிவிடும். இதனால்தான் தோட்டமண் இதற்கு ஆகாது. சல்லடையில் சலித்த செங்கல் துண்டுகள் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு என்ற கலவையை 2021 முதல் பயன்படுத்துகிறேன். துண்டுகள் இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், சல்லடையில் கீழே விழும் தூளைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் அகடாமா களிமண்ணை ஒரு முறை வாங்கிப் பார்த்தேன். நல்ல பொருள்தான், ஆனால் ஃபைகஸுக்கு அந்தச் செலவு வீண்.

தண்ணீரின் தரத்தில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்குவானேன் என்று ஓராண்டு முழுவதும் அதையே ஊற்றினேன். அதில் உப்பு செறிந்திருக்கும் என்பது தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் ஏறி, இலை நுனிகள் கருகிய பிறகே உறைத்தது. இப்போது முடிந்தவரை மழைநீர். அது தீர்ந்தால் போர்வெல் தண்ணீர்; உப்பு தங்காமலிருக்க, மாதம் ஒரு முறை மட்டும் மண்ணை நன்றாகக் கழுவிவிடும் அளவுக்கு ஊற்றுகிறேன்.

கத்தரிப்பது எளிது. ஒரு கிளை ஆறு முதல் எட்டு இலைகள்வரை வளர விட்டு, பிறகு இரண்டு மூன்று இலைகளுக்குக் குறைத்தால் பக்கக்கிளைகள் பெருகும். வெட்டிய இடத்தில் பால் வடியும். தண்ணீர் தெளித்தால் நின்றுவிடும். கம்பியில்தான் கவனம் தேவை. 2020 கோடையில் இரண்டு மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியைச் சுற்றிவிட்டு நான்கு மாதங்கள் மறந்துவிட்டேன். அந்தக் கிளையில் திருகாணிபோல் பதிந்த தழும்பு இன்றும் மறையவில்லை. சென்னை வெப்பத்தில் கிளை பருக்கும் வேகத்துக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கம்பியை அவிழ்க்க முயலாமல் துண்டு துண்டாக வெட்டி எடுப்பதே நல்லது.

பூச்சிகளில் மாவுப்பூச்சி எல்லோரும் அறிந்தது. ஃபைகஸுக்கென்றே வரும் இலைப்பேன் வேறு வகை: இளம் இலை நடுநரம்பில் புத்தகம்போல் மடிந்துகொள்ளும், பிரித்தால் உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகள் நெளியும். மடிந்த இலைக்குள் மருந்து போகாது. கிள்ளி அப்புறப்படுத்திய பிறகே, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கிறேன். உரத்துக்குக் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த நீரைப் பத்து மடங்கு நீர்த்து ஊற்றிவந்தேன். மரத்துக்குப் பிடித்திருந்தது, கீழ்வீட்டாருக்குப் பிடிக்கவில்லை.

இழப்பும் உண்டு. படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு 2020இல் ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் ஒன்றை வாங்கினேன். குளிர்கால ஓய்வு தேவைப்படும் அந்த மரம் சென்னையில் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. செத்த பிறகும் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும் என்பதால், பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் முயலலாம்; சமவெளியில் இருப்பவர்கள் ஃபைகஸ், காகிதப்பூ, இயல்பிலேயே சிற்றிலை கொண்ட புளி ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குவது நல்லது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரண்டு நாட்களும், தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல்லை வைத்துச் சாய்த்து வைத்திருந்தேன். சாய்த்தால் அடியில் தேங்கும் நீரும் பெருமளவு வடிந்துவிடும். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்மாற்றத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, வெயில் ஏறுவதற்கு முன்பு பிப்ரவரியில் வைத்துக்கொள்கிறேன். கடைசியாக 2025இல் செய்தபோது வேரில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன்.

ஒட்டுக்கட்டிய இடத்தின் வீக்கம் ஆறு ஆண்டுகளாகியும் மறையவில்லை, இனி மறையவும் போவதில்லை. ஆனால் சென்ற மழைக்காலத்தில் அதற்குச் சற்று மேலே, இடப்பக்கக் கிளையிலிருந்து நூல்போல ஒரு விழுது இறங்கியது. காற்றில் காய்ந்துவிடாமலிருக்க, இளநீர் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை நீளவாக்கில் கீறி அதைச் சுற்றி மாட்டி, உள்ளே ஈரமான பாசியைத் திணித்து வைத்திருக்கிறேன். மண்ணைத் தொட இன்னும் இரண்டு விரற்கடை இருக்கிறது.