மூன்று வாசல்களும் ஒரு கார்மென்ட்ஸ் பஸ்ஸும்

விடியக் காலையில் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் நின்றால் கார்மென்ட்ஸ் பஸ்கள் வரிசையாகப் போகும். அக்காவின் மகளும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். இங்கிருந்து போகும் பொருள் எந்த நாட்டுக்குள் எவ்வளவு தீர்வையோடு நுழையும் என்பதில் மூன்று வாசல்களுக்குப் பங்கு உண்டு: ஜெனீவா, டெல்லி, ஐரோப்பிய ஒன்றியம் இருக்கும் பிரசல்ஸ். எது எங்களுக்கு உதவும்?

ஜெனீவா என்றதும் எங்கள் ஆட்களுக்கு மனித உரிமைப் பேரவைதான் ஞாபகம் வரும். அதே ஊரின் ஏரிக்கரையில்தான் உலக வர்த்தக அமைப்பும் இருக்கிறது. 166 உறுப்பினர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் விதைப்பது பற்றிய விவசாயிகள் கூட்டத்தில் இருந்தவருக்கு அங்கே நடப்பதை விளக்கத் தேவையில்லை. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு, கட்டாக்காலி மாடு வயலுக்குள் இறங்கினால் என்ன தண்டம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் எழும்பி மறுத்தால் கூட்டம் மத்தியானம் தாண்டிவிடும். ஜெனீவாவில் வருடங்கள் தாண்டும். மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்தும் பேச்சு 2001இல் தோஹாவில் தொடங்கியது. 2022இல் சம்மதம் வந்தது, 2025 செப்டெம்பரில்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பேச்சு தொடங்கியபோது பிறந்த பிள்ளை இன்று முல்லைத்தீவில் சொந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் வயதில் இருப்பான்.

ஆனால் பெரிய நாட்டையும் வழக்குக்கு இழுக்கக்கூடிய இடம் அதுதான். 1996இல் இலங்கையும் ஒரு முறை போனது. உலர்த்திய தேங்காய்த் துருவலுக்கும் தேங்காய்ப்பால் மாவுக்கும் பிரேசில் போட்ட மேலதிகத் தீர்வைதான் பிரச்சினை. பளைப் பக்கம் தென்னை வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் இப்படி ஒரு வழக்கைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். எங்கள் முறைப்பாடு ஆலோசனைக் கட்டத்தைத் தாண்டவில்லை. அதே தேங்காய்க்காக வழக்கை இறுதிவரை கொண்டுபோன பிலிப்பைன்ஸ் தோற்றது. பிரேசிலின் நடவடிக்கை உலக வர்த்தக அமைப்பின் புதிய விதிகள் வருவதற்கு முன்பே தொடங்கியது என்பதால் அந்த விதிகள் அதற்குப் பொருந்தாதாம்.

சரி, வென்றால்? அன்டிகுவா என்ற தீவைப் பாருங்கள். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்த அளவு சனம்தான் அங்கே. இணையச் சூதாட்ட வழக்கில் 2005இல் அமெரிக்காவை வென்றது. வருடத்துக்கு 2.1 கோடி டொலர் அளவுக்குப் பதிலடி கொடுக்கலாம் என்று 2007இல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் அமெரிக்கப் பொருளுக்கு வரி போட்டால் தன் சனத்துக்குத்தான் விலை ஏறும். பிடித்த மாட்டைக் கட்டி வைக்கக் கயிறு இல்லாத கதை. இப்போது மேன்முறையீட்டுக் குழுவும் இல்லை. ஏழு பேர் இருக்க வேண்டிய இடம் அது. புதியவர்களை நியமிக்க அமெரிக்கா விடாததால் 2019 டிசம்பரோடு வழக்குக் கேட்க ஆள் போதாமல் போனது. தோற்ற நாடு மேன்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அந்தரத்தில் தொங்கும்.

டெல்லி வாசல் பக்கத்து வளவுக்காரனோடு வேலிக் கதை பேசுவது போன்றது. 1998இல் கையெழுத்தான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் பெறுமதியில் பொதுவாக 35 வீதம் இலங்கையில் சேர்ந்திருந்தால் தீர்வைச் சலுகை. பாம் எண்ணெயைக் கொண்டுவந்து வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் இங்கே முளைத்தன. இந்தியா அளவுக் கட்டுப்பாடு போட்டதும் பூட்டுப்பட்டன. நல்ல சந்தைதான், பெரிய வளவுக்காரனின் மனநிலையைப் பொறுத்தது.

பிரசல்ஸில் பேரம் இல்லை, கொடுப்பதும் எடுப்பதும் அவர்கள்தான். ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற தீர்வைச் சலுகை 2005இல் கிடைத்தது, மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஆகஸ்ட்டில் பறிபோனது, 2017 மேயில் திரும்பி வந்தது. 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிப்பது நிபந்தனை. மூன்று வாசல்களில் பல் உள்ளது இதற்குத்தான். எங்களுக்கு ஜெனீவா என்றால் ஞாபகம் வரும் அந்த மனித உரிமைக்கு விலை வைத்ததும் பிரசல்ஸ்தான். எனக்குள்ள மனக்குறை வேறு: தவறு அரசினுடையது, ஓடர் குறைந்தால் வேலை போவது தைக்கிற பிள்ளைக்கு. வன்னியில் அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லவும் வேண்டுமா? இன்னொன்று, தென்னாசியாவுக்கு வெளியேயிருந்து வந்த துணியை இங்கே வெட்டித் தைத்தால் மட்டும் பொதுவாக அந்தச் சலுகை கிடைக்காது.

இவ்வளவு ஓட்டை இருந்தும் நான் ஜெனீவாப் பக்கம்தான். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தது. ஜெனீவாவில் தானே ஒப்புக்கொண்ட உச்ச வரம்புகளையும் மீறியது அது. எங்கள் அரசு வழக்குப் போடவில்லை, வாஷிங்டனுக்குப் பேசப் போனது. ஓகஸ்ட்டில் 20 வீதமானது. யாரோ இரங்கிக் குறைத்ததற்கும் விதிப்படி குறைவதற்கும் உள்ள வித்தியாசம் ஏற்றுமதிக்காரருக்குத் தெரியும்.

44 வீதச் செய்தி வந்த இரவு மருமகள் கேட்டது ஒன்றுதான்: “மாமா, நாளைக்கு பஸ் வருமோ?” வந்தது. ஓவர்டைம் மட்டும் அந்த மாதம் இல்லை.